உளவுப் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

எல்லோரும் புகழ்கிறார்களே என்று 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' படத்தைப் போட்டுவிட்டு அரைமணி நேரத்தில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். துப்பாக்கிச் சத்தம் அதிகம் கிடையாது, கார் துரத்தல் கிடையாது. வயதானவர்கள் நாலைந்து பேர் அறைக்குள் உட்கார்ந்து மெல்லப் பேசுகிறார்கள், கோப்புகளைப் புரட்டுகிறார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்றே பிடிபடுவதில்லை. இதில் பார்ப்பவரின் குறை எதுவும் இல்லை. உளவு வேலை எப்படி நடக்கிறது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டு அந்தப் படம் நகர்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையின் அடிப்படை கொஞ்சம் தெரிந்துவிட்டால் அதே படம் கண்ணை எடுக்க விடாது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். உளவுக் கதையில் பெரும்பாலும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் உளவுத்துறை அதிகாரி. அரசாங்கச் சம்பளக்காரர், வெளிநாட்டுத் தூதரகத்தில் ஏதோ ஒரு செயலாளர் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பார். ரகசியத்தைத் தன் கையால் திருடுவது பெரும்பாலும் இவர் வேலையில்லை. அதற்கு இன்னொருவர் வேண்டும். அந்த ரகசியம் ஏற்கெனவே யாருடைய மேசைக்கு வந்து போகிறதோ அவர். ராணுவ அதிகாரியாக இருக்கலாம், விஞ்ஞானியாக இருக்கலாம், அமைச்சகத்தில் தட்டச்சு செய்பவராகக்கூட இருக்கலாம். தன் நாட்டின் ரகசியத்தை எடுத்துக் கொடுக்கும் இந்த ஆளைத்தான் அந்தத் துறையில் ஏஜென்ட் என்பார்கள். அவரைக் கண்டுபிடித்து, பழகி, சம்மதிக்க வைத்து, மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஹேண்ட்லர். ஜேம்ஸ் பாண்ட் இந்த இரண்டு வேலையையும் ஒருவராகவே செய்துவிடுகிறார், கூடவே கமாண்டோ வேலையும். அதனால் உளவாளி என்றாலே சுவர் ஏறிக் குதிப்பவர் என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

நல்ல உளவுக் கதைகளின் உயிர் இந்த இருவருக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார், இன்னொருவர் அவரை வைக்கச் சொல்கிறார். அதிகாரி கொடுக்கும் வாக்குறுதி நிஜமா? அந்த மனிதர் மேல் அவருக்கு அக்கறை இருக்கிறதா, இல்லை வேலை முடிந்ததும் கைகழுவி விடுவாரா? யாரை யார் எதற்காக நம்புகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே வந்தால் எந்த உளவுப் படமும் பாதி புரிந்துவிடும்.

இதை நேராகவும் எளிதாகவும் காட்டும் படம் 'தி கூரியர்' (2020). நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். ஒலெக் பென்கோவ்ஸ்கி சோவியத் ராணுவ உளவுத்துறையில் கர்னல். அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்று அஞ்சி மேற்கத்திய நாடுகளைத் தொடர்புகொள்கிறார். ரகசியங்கள் அவர் கையில் இருக்கின்றன. அவற்றை மாஸ்கோவிலிருந்து வெளியே கொண்டுபோக ஒரு கை வேண்டும். தொழில்முறை உளவு அதிகாரி போனால் சோவியத் உளவு நிறுவனமான கேஜிபி மோப்பம் பிடித்துவிடும். அதனால் கிரெவில் வின் என்ற சாதாரண பிரிட்டிஷ் வியாபாரியை அனுப்புகிறார்கள். இயந்திரம் விற்க வருகிறார், விருந்து சாப்பிடுகிறார், திரும்பும்போது ஒரு பொட்டலம் கொண்டுபோகிறார். இதெல்லாம் நிஜமாகவே நடந்தது. 1962-ல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து இறங்கியபோது அவற்றைப் பற்றி அமெரிக்கா புரிந்துகொள்ள பென்கோவ்ஸ்கி கொடுத்த தகவல்கள் உதவின. அதே ஆண்டு அக்டோபரில் அவர் பிடிபட்டார், அடுத்த ஆண்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்த அந்த வியாபாரிக்கும் பென்கோவ்ஸ்கிக்கும் நடுவில் வளரும் நட்புதான் படம். அரசாங்கங்கள் கணக்குப் போடுகின்றன. இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நினைத்துக் கவலைப்படுகிறார்கள்.

சரி, ஒருவர் ஏன் தன் நாட்டைக் காட்டிக்கொடுக்கத் துணிகிறார்? பணம், கொள்கை, மிரட்டல், அகங்காரம் என்று நான்கு காரணங்களை உளவுத்துறைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். இவற்றில் திரைக்கு மிகவும் சுவையானது நான்காவது. 'பிரீச்' (2007) அதைப் பற்றியது. அமெரிக்காவின் எஃப்பிஐ-யில் இருந்துகொண்டே 20 ஆண்டுகளுக்கு மேலாக மாஸ்கோவுக்கு ரகசியம் விற்றவர் ராபர்ட் ஹான்சன். 2001 பிப்ரவரியில் கைதானார். பணமும் வைரமும் வாங்கினார்தான், ஆனால் தன் அறிவை அலுவலகம் மதிக்கவில்லை என்ற கொதிப்பு ஹான்சனாக வரும் கிறிஸ் கூப்பரின் ஒவ்வொரு பார்வையிலும் தெரியும். அவரை வேவு பார்க்க ஓர் இளைஞனை உதவியாளன் என்று சொல்லி அதே அறையில் உட்கார வைக்கிறார்கள். ஹான்சன் வெளியே போயிருக்கும் சில நிமிடங்களில் அவருடைய பையிலிருந்து ஒரு கையடக்கக் கருவியை எடுத்து, நகலெடுத்து, அவர் திரும்புவதற்குள் பழையபடி வைத்தாக வேண்டும். ஒரு குண்டுகூட வெடிக்காமல் நெஞ்சு படபடக்க வைக்கும் காட்சி.

ஹேண்ட்லர் பக்கம் நின்று பார்க்க 'எ மோஸ்ட் வான்டட் மேன்' (2014). ஹாம்பர்க் நகரில் ஒரு சின்னக் குழுவை நடத்தும் ஜெர்மன் அதிகாரியாக ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன். பயந்துபோன மனிதர்களை அதட்டாமல், அணைத்துப் பேசியே வழிக்குக் கொண்டுவருவார். அவர் பேசும் விதத்தை மட்டும் கவனித்தாலே போதும், அந்த வேலை என்னவென்று விளங்கிவிடும்.

அடுத்து, கவர். உளவு அதிகாரி வேறு ஆளாக வாழ்வதற்குக் கட்டிக்கொள்ளும் பொய்யான வாழ்க்கைதான் கவர். தூதரகப் பதவியை வைத்துக்கொண்டு இருப்பவர் மாட்டினால் பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியேற்றுவார்கள், அவ்வளவோடு போகும். அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல், வேறு பெயரில், வேறு நாட்டுக்காரராகவே வருஷக்கணக்கில் வாழ்பவர்களும் உண்டு. ரஷ்யர்களிடம் இவர்களுக்கு இல்லீகல்ஸ் என்று பெயர். 2010 ஜூனில் அமெரிக்காவில் இப்படிப் பத்துப் பேரை எஃப்பிஐ கைது செய்தது. அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் சாதாரணக் குடும்பங்கள்.

அந்தச் செய்தியின் தூண்டுதலில் வந்ததுதான் 'தி அமெரிக்கன்ஸ்' (2013–2018). ஆறு சீசன். என் கணக்கில் இதுவரை வந்த உளவுத் தொடர்களிலேயே தலைசிறந்தது. உருவாக்கியவர் ஜோ வைஸ்பெர்க், முன்னாள் சிஐஏ அதிகாரி. 1980-களின் தொடக்கம், வாஷிங்டன் அருகே ஒரு குடியிருப்புப் பகுதி. பயண நிறுவனம் நடத்தும் பிலிப்பும் எலிசபெத்தும் கேஜிபி அதிகாரிகள். அவர்களுடைய திருமணமே கேஜிபி செய்துவைத்த ஏற்பாடு. பிள்ளைகள் இருவருக்கும் பெற்றோர் யாரென்று தெரியாது. முதல் அத்தியாயத்தில், கடத்தி வரப்பட்ட ஒருவர் வீட்டு கராஜில் கார் டிக்கிக்குள் கிடக்கிறார். அதே நேரத்தில் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர் எஃப்பிஐ-யின் எதிர் உளவுப் பிரிவுக்காரர்! விக் மாற்றி மாற்றி வேஷம் போடுவது, ஆளைக் கடத்துவது எல்லாம் இருக்கிறது. அவற்றைத் தாண்டி, பொய்யில் தொடங்கிய திருமணம் எப்போது நிஜமானது என்று அந்த இருவருக்கே தெரியாமல் தவிப்பதுதான் ஆறு சீசனையும் தூக்கி நிறுத்துகிறது. கெரி ரஸ்ஸல், மேத்யூ ரீஸ் இருவரும் மிகை இல்லாமல் நடித்திருக்கிறார்கள்.

கவர் எப்படித் தயாராகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் பிரெஞ்சுத் தொடரான 'தி பியூரோ' (2015–2020). பிரான்சின் வெளிநாட்டு உளவு நிறுவனமான டிஜிஎஸ்இ-க்குள் நடக்கும் கதை. டமாஸ்கஸில் ஆறு ஆண்டுகள் வேறு பெயரில் வாழ்ந்த அதிகாரி பாரிஸ் திரும்புகிறார். அந்தப் பெயரை அன்றோடு விட்டுவிட வேண்டும் என்பது விதி. அங்கே காதலித்த பெண் பாரிஸுக்கு வருகிறாள். அவளுக்குத் தெரிந்ததோ அந்தப் பொய்யான மனிதனை மட்டும்தான். அவர் பழைய பெயரை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்கிறார், சிக்கல் அங்கே தொடங்குகிறது. இன்னொரு பக்கம், மரீனா என்ற இளம் அதிகாரியை நிலநடுக்க ஆய்வாளராக ஈரானுக்கு அனுப்பத் தயார் செய்கிறார்கள். அவள் நிஜமாகவே அந்தத் துறையைப் படிக்க வேண்டியிருக்கிறது, நிஜமான ஆய்வாளர்களோடு பழக வேண்டியிருக்கிறது. யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறக்கூடாதே. இந்தப் பொறுமையை வேறெந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது 'டிங்கர் டெய்லர்' பக்கம் வருவோம். இதன் மையம் மோல், அதாவது எதிரி நாட்டுக்கு வேலை செய்துகொண்டே நம் உளவுத்துறையின் உச்சியில் உட்கார்ந்திருப்பவர். இதற்கு நிஜ முன்மாதிரி கிம் ஃபில்பி. பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்ஐ6-ல் சோவியத் உளவைத் தடுக்கும் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். இளமையிலிருந்தே மாஸ்கோவின் ஆள். 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து காணாமல் போய் மாஸ்கோவில் தோன்றினார். மூலக் கதையை எழுதிய ஜான் லெ கரே அந்த நாட்களில் எம்ஐ6-ல் வேலை பார்த்தவர்.

மோல் ஏன் இவ்வளவு பயங்கரம்? யாரிடம் புகார் செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விசாரிக்கப் போகிறவரே அந்த ஆளாக இருக்கலாம். அதனால்தான் கதையில், ஓய்வுக்கு அனுப்பப்பட்ட அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியை வெளியிலிருந்து கூப்பிட்டு, நிறுவனத்துக்கே தெரியாமல் விசாரிக்கச் சொல்கிறார்கள். இந்த ஆபத்தை நம் ஆட்கள் பழங்காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் தனித்தனியே கொண்டுவரும் செய்தி ஒத்திருந்தால் நம்பலாம் என்கிறது ஒரு குறள். இன்றைய உளவு நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் தேவையானதை மட்டும் சொல்லி மற்றதை மூடி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒருவர் விலைபோனாலும் எல்லாம் போய்விடக்கூடாது. ஸ்மைலியின் எதிரில் பேசுகிறவர்கள் ஏன் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் சொல்கிறார்கள் என்பது இதை வைத்துப் பார்த்தால் விளங்கும். யாருக்கும் முழுக்கதை தெரியாது. துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதுதான் ஸ்மைலியின் வேலை, நம் வேலையும்.

2011-ல் வந்த படத்தைப் பார்க்கும்போது கேரி ஓல்ட்மேனின் மூக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள். வேலை போன பிறகு ஸ்மைலி புதுக் கண்ணாடி வாங்குகிறார். பழைய கண்ணாடி வந்தால் அது கடந்த காலம், புதுக் கண்ணாடி வந்தால் நிகழ்காலம். முன்னும் பின்னும் தாவும் கதையில் இது ஒன்றே பெரிய கைகாட்டி. அப்புறம் தொடக்கத்தில் வரும் புடாபெஸ்ட் காட்சி. ஓர் உணவகத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பரிமாற வந்தவரின் முகத்திலிருந்து ஒரு வியர்வைத் துளி மேசையில் சொட்டுகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. காபி கொண்டுவருகிறவர் எதற்கு இவ்வளவு பதறுகிறார் என்று அங்கே பேச வந்த பிரிட்டிஷ் உளவு அதிகாரிக்குச் சுருக்கென்று படுகிறது. எழுந்து நடக்கத் தொடங்குகிறார். இந்த வகைப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தத் துளியே பாடம். நேரம் இருப்பவர்கள் 1979-ல் பிபிசி எடுத்த ஏழு பகுதித் தொடரையும் பார்க்கலாம். அதில் ஆலெக் கின்னஸ்தான் ஸ்மைலி. இடம் அதிகம் என்பதால் கதை இன்னும் தெளிவாக விரியும்.

ஒட்டுக்கேட்பது இன்னொரு கிளை. இதில் 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' (2006) பக்கத்தில் வைக்க வேறு படம் கிடையாது. 1984, கிழக்கு பெர்லின். அன்றைய கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்ற ரகசியக் காவல் துறை நாட்டையே காதில் வைத்திருந்தது. 1989-ல் அதில் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். அண்டை வீட்டாரையும் நண்பர்களையும் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அதற்கு மேலும் லட்சத்தைத் தாண்டும். மக்கள்தொகையோ ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். படத்தின் தொடக்கத்தில் வீஸ்லர் என்ற அதிகாரி மாணவர்களுக்கு விசாரணை செய்வது எப்படி என்று பாடம் நடத்துகிறார். தூங்கவிடாமல் விசாரிப்பது மனிதத்தன்மை இல்லையே என்று ஒரு மாணவன் கேட்கிறான். வீஸ்லர் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டே, இருக்கை வரைபடத்தில் அவன் இடத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போடுகிறார். பேச்சு மாறவில்லை, குரல் உயரவில்லை. அந்த நாடு எப்படி இயங்கியது என்பது முழுவதும் அந்தப் பேனாக் கீறலில் இருக்கிறது. பிறகு அவர் ஒரு நாடகாசிரியரின் வீட்டுக்கு மேலே பரணில் காதில் ஹெட்போனோடு உட்காருகிறார். அடுத்தவர் வாழ்க்கையைக் கேட்டுக் கேட்டு அவருக்குள் நடக்கும் மாற்றம்தான் மீதிப் படம். வீஸ்லராக வரும் உல்ரிக் மூஹே முகத்தில் ஒரு தசைகூட அதிகமாக அசையாது. அதற்கு மேல் கதையைச் சொல்ல எனக்கு மனசில்லை, பார்த்துவிடுங்கள்.

அரசாங்க உளவு இல்லாத ஒட்டுக்கேட்பு என்றால் கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' (1974). தனியாருக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒலிப்பதிவு செய்து கொடுப்பவர் கதை. காதில் விழுவதும் உண்மையும் ஒன்றா என்று சந்தேகப்பட வைக்கும்.

பிடிபட்ட உளவாளிக்கு என்ன ஆகும்? சிலரை இரு நாடுகளும் மாற்றிக்கொள்ளும். 'பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்' (2015) அப்படி ஒரு நிஜக் கைமாற்றத்தின் கதை. நியூயார்க்கில் ஓவியராக வாழ்ந்த ருடால்ஃப் ஏபல் சோவியத் உளவாளி. 1953-ல் புரூக்ளினில் பேப்பர் போடும் பையன் ஒருவன் கையிலிருந்த நாணயம் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே எண்கள் நிரம்பிய நுண்ணிய புகைப்படம். நாலு வருஷம் கழித்து, 1957-ல், சோவியத் தரப்பிலிருந்து ஓடிவந்த ஒருவர் உதவிய பிறகுதான் அது படிக்கக் கிடைத்தது, ஏபலும் மாட்டினார். 1962 பிப்ரவரி 10 அன்று பெர்லினை ஒட்டிய கிளீனிக்கே பாலத்தில், சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானி கேரி பவர்ஸுக்குப் பதிலாக அவரை விட்டார்கள். ஏபலுக்காக வாதாடிய வக்கீலாக டாம் ஹாங்க்ஸ். ஏபலாக வந்து ஆஸ்கர் வாங்கிய மார்க் ரைலன்ஸ், எதிரியை இவ்வளவு பிடித்துப் போகச் செய்யலாமா என்று கேட்க வைக்கிறார். வீட்டில் ஆங்கிலப் படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களோடு உட்கார்ந்து பார்க்க இதைவிடத் தோதானது இல்லை.

இவ்வளவும் சொன்னதால் பாண்ட் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இயன் ஃபிளெமிங் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் இருந்தவர். அந்த வேலை அவருக்குத் தெரியும், தெரிந்தே கனவாக எழுதினார். பார்ப்பதானால் 'கேசினோ ராயல்' (2006). பாண்ட் ஒருவரை நம்புகிறார், அதற்கு விலை கொடுக்கிறார் என்பதால் அது மற்ற பாண்ட் படங்களைவிட நான் சொல்லும் வகைக்கு நெருக்கம். ஓட்டமும் அடிதடியும் வேண்டுமென்றால் மாட் டேமனின் பார்ன் படங்களில் முதல் மூன்று போதும். ஹிட்ச்காக்கில் 'நொட்டோரியஸ்' (1946) கட்டாயம். ஒரு பெண்ணை எதிரி வீட்டுக்குள் அனுப்புகிறார் அவளைக் காதலிக்கும் அதிகாரி. ஹேண்ட்லருக்கும் ஏஜென்டுக்கும் உள்ள வலியை அவ்வளவு முன்னதாகவே சொன்ன படம்.

அதே வலியின் இன்னொரு வடிவம் மேக்னா குல்சாரின் 'ராஸி' (2018). 1971 போருக்கு முன்னால் பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகும் இந்தியப் பெண். அவள் ஏமாற்ற வேண்டியவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் கதை சுலபம். அன்பானவர்களாக இருப்பதுதான் அவளுடைய துயரம். ஆலியா பட் நன்றாகச் செய்திருக்கிறார். 'தி ஃபேமிலி மேன்' தொடர் வேறு ருசி. நாட்டைக் காப்பாற்றும் ஆள் வீட்டில் பிள்ளைகளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டுவார்கள். மனோஜ் பாஜ்பாய்க்காகவே பார்க்கலாம்.

நடப்பில் வந்துகொண்டிருப்பதில் 'ஸ்லோ ஹார்ஸஸ்'. 2022-ல் தொடங்கியது. பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-ல் வேலையில் சொதப்பிய ஆட்களை ஒரு பாழடைந்த அலுவலகத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே தலைவர் அழுக்குச் சட்டையும் கெட்ட வாயுமாக கேரி ஓல்ட்மேன். ஸ்மைலியாக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவரா இவர் என்று தோன்றும். சீசனுக்கு ஆறு அத்தியாயம்தான் என்பதால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் 'தி கூரியர்', 'பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்', 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' என்று போய், பிறகு 'டிங்கர் டெய்லர்' பக்கம் வரலாம். தொடர்களில் முதலில் 'ஸ்லோ ஹார்ஸஸ்', அப்புறம் 'தி அமெரிக்கன்ஸ்'. 'தி பியூரோ'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' படத்தையும் டப்பிங்கில் பார்க்க வேண்டாம். 'தி பியூரோ'வில் ஆட்கள் பிரெஞ்சிலிருந்து அரபிக்கும் பாரசீகத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் எந்த இடத்தில் எந்த மொழிக்கு மாறுகிறார், யாருக்குப் புரியாது என்று நினைத்துப் பேசுகிறார் என்பதெல்லாம் கதையின் பகுதி. டப்பிங்கில் எல்லாம் ஒரே மொழியாகிவிடும். சப்டைட்டிலோடு மூல மொழியிலேயே பாருங்கள்.